தேய்க்கவா, சொருகவா?

ராதாபுரம் பக்கம், காற்றாலைகளின் நிழல் சுழன்று விழுகிற ஒரு பெட்ரோல் பங்க். "அண்ணாச்சி, கார்டைச் சொருகி நம்பரை அமுக்குங்க" என்று பையன் மிஷினை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். முன்பெல்லாம் இப்படி இல்லை. "தேய்ச்சிட்டு வாறேன்" என்று கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

தேய்ப்பதற்கென்றே பிறந்தது கார்டின் பின்னால் இருக்கும் கறுப்புக் காந்தப் பட்டை. 1960களில் ஐ.பி.எம். பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, காந்த நாடாவைப் பிளாஸ்டிக்கில் ஒட்ட வழி தெரியாமல் வீட்டுக்கு வந்தாராம். துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி, "இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பாருங்களேன்" என்றாராம். ஒட்டிக்கொண்டது.

பட்டை ஒரு கிளிப்பிள்ளை. எத்தனை தடவை தேய்த்தாலும் அதே எண்ணை, அதே பெயரைத்தான் சொல்லும். அதை ஒருமுறை பதிவு செய்துகொண்டவன் இன்னொரு வெற்றுக் கார்டில் ஏற்றிவிடலாம். ஏ.டி.எம்.மில் ஒட்டுக்கருவி வைத்துத் திருடியவர்கள் செய்தது இதைத்தான். அதனால்தான் 2018 டிசம்பர் 31-க்குள் பட்டை மட்டுமுள்ள கார்டுகளையெல்லாம் மாற்றிவிடச் சொன்னது ரிசர்வ் வங்கி.

முன்பக்கம் பொன்னிறத்தில் மின்னுகிறதே, அதன் அடியில் இருக்கும் சிப், ஒரு குட்டிக் கணினி. அதற்குள் ஒரு ரகசியச் சாவி உண்டு. வங்கியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சொருகியதும் மிஷின் தொகை, தேதி ஆகியவற்றோடு அந்த நேரத்துக்கென்று ஒரு தற்செயல் எண்ணையும் கொடுக்கிறது. சிப் தன் பங்குக்கு, இது எத்தனையாவது பரிவர்த்தனை என்ற கணக்கைச் சேர்த்து, எல்லாவற்றையும் சாவியால் பிசைந்து ஒரு விடையைத் தருகிறது. வங்கியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் கார்டு அசல். சாவி மட்டும் சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். பங்கில் கொடுத்த இரண்டு சீட்டுகளை ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே கார்டு, அதே 500 ரூபாய். 'டி.சி.' என்று தொடங்கும் வரியில் எழுத்தும் எண்ணுமாகப் 16 குறிகள். இரண்டு சீட்டிலும் வேறு வேறு. பழைய விடையைத் திருடி வைத்திருப்பவனுக்கு அதனால் காலணாப் பிரயோசனம் கிடையாது.

ஆனால் சிப் காட்டுவது கார்டு அசல் என்பதை மட்டும். கையில் வைத்திருப்பது சொந்தக்காரர்தானா? அதற்குத்தான் பின் நம்பர்; பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அதனால்தான்.

ஆன்லைனில் சொருக இடமில்லை. அங்கே கேட்பது கார்டின் பின்னால் அச்சிட்ட மூன்று இலக்கம்; அது காந்தப் பட்டையில் இருக்காது. பட்டையை மட்டும் திருடியவனை அது தடுக்கும், கார்டையே போட்டோ எடுத்தவனைத் தடுக்காது. ஆகவே 2009 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் ஆன்லைன் கார்டுப் பரிவர்த்தனைக்கு இன்னொரு சரிபார்ப்பு கட்டாயம். நமக்கு அது ஓ.டி.பி.யாகப் பழகிவிட்டது. "பேங்க் மேனேஜர் பேசுறேன்" என்று போனில் கேட்பவனுக்கு மற்றதெல்லாம் ஏற்கெனவே கிடைத்திருக்கும். அந்த ஆறு இலக்கம்தான் பாக்கி.

வெளிநாட்டுத் தளங்கள் பல ஓ.டி.பி. கேட்பதே இல்லை. அதற்கும் கதவு உண்டு: 2020-லிருந்து வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறக்கலாம், மூடலாம். வங்கிச் செயலியில் ஒரு சின்ன சுவிட்ச். என்னுடையது மூடியே கிடக்கிறது. வள்ளியூர் தாண்டிப் போவதே எப்போதாவதுதான்.