கென்யாவுக்குப் போகும் முன் ஒரு ஊசி, சில மாத்திரைகள்

ஜூலை தொடங்கி அக்டோபர் வரை மசாய் மாராவில் வில்டபீஸ்ட் மந்தைகள் ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்க்க நம்மவர்களும் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். டிக்கெட், பயண அனுமதி, கேமரா எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்குகிறார்கள். உடம்பைப் பற்றிக் கேட்டால், “அதுவும் வெயில் நாடுதானே, கொசுவெல்லாம் நமக்குப் பழக்கம்தான்” என்கிறார்கள். இந்தத் தைரியம்தான் எனக்குப் பயம் தருகிறது.

திரும்பி வரத்தான் சான்றிதழ்

மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கே தாராளமாக இருக்கிறது. நோய்க்கிருமி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பரவத் தடையே இராது. அதனால்தான் கென்யா போன்ற நாடுகளிலிருந்து வருபவர்களிடம் நம் அரசு தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறது. அது இல்லாவிட்டால் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். கென்யாவுக்குள் நுழையும்போது கேட்கவில்லையே என்று அசட்டையாக இருந்தவர்கள் ஊர் திரும்பும் நாளில்தான் சிக்கிக்கொள்வார்கள்.

ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும். அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. மருந்துக் குப்பியைத் திறந்த சில மணி நேரத்துக்குள் அதிலுள்ள டோஸ்களைத் தீர்த்தாக வேண்டும். ஆகவே நினைத்த நாளில் போய் நிற்காமல் முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்யுங்கள். சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் இனிஷியல் வழக்கம் இங்கே குழப்பம் தரும்.

இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆன ஊசி. கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், 60 வயதைத் தாண்டி முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். 9 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பொதுவாகப் போடுவதில்லை.

மலேரியா: பழக்கம் காப்பாற்றாது

கென்யாவில் பெரும்பாலும் காண்பது ஃபால்சிபாரம் வகை மலேரியா. மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிச் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்ததால் இதற்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. மொம்பாசா கடற்கரையிலும் விக்டோரியா ஏரிப் பக்கத்திலும் ஆபத்து அதிகம். நைரோபி நகருக்குள் குறைவு. சஃபாரி போகும் இடங்களைப் பட்டியலிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தடுப்பு மாத்திரைகளில் அடோவகோன்-புரோகுவானில், டாக்சிசைக்ளின் இரண்டையும் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பே தொடங்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு முதலாவதை 7 நாட்களும், இரண்டாவதை 4 வாரங்களும் தொடர வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். டாக்சிசைக்ளின் சாப்பிட்டால் வெயில் எளிதில் தோலைச் சுட்டுவிடும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அது பொதுவாக ஏற்றதல்ல. எந்த மாத்திரையும் முழுப் பாதுகாப்பு தராது என்பதால் கொசுவலையும் பூச்சி விரட்டிக் களிம்பும் கூடவே வேண்டும். அனாபிலிஸ் கொசு கடிப்பது இரவில். மாலையானதும் முழுக்கை உடை போடுங்கள்.

குளிர், வெயில், தண்ணீர்

நைரோபி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் குன்னூர் உயரம். மாராவில் விடியற்காலை சஃபாரிக்கு ஸ்வெட்டர் இல்லாமல் போனால் வயதானவர்கள் நடுங்கிப்போவார்கள். பூமத்திய ரேகைப் பகுதி, அதிலும் உயரமான இடம் என்பதால் நண்பகல் வெயில் கடுமை, தொப்பி அவசியம். கருநீல, கறுப்பு உடைகள் செட்சி ஈயை இழுக்கும் என்பதால் வெளிர் நிறமே நல்லது. விக்டோரியா ஏரியில் இறங்கிக் குளிக்காதீர்கள். தோலைத் துளைத்து நுழையும் ஒட்டுண்ணிப் புழு அந்த நீரில் இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். விமானத்தின் சரக்கு அறையில் அது உறைந்துவிடலாம்.

வந்த பிறகு காய்ச்சல் அடித்தால்

திரும்பி வந்த 3 மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போய், அவர் கேட்கும் முன்பே கென்யா போய்வந்ததைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்றே தேடிக்கொண்டிருப்பார்கள். முதல் ரத்தப் பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் நீடித்தால், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.