சீனத்திலும் மதுரையிலும் இயேசு சபையாரின் தழுவல் நெறி: ஆவூர்த் தளத்தை முன்வைத்து

முன்னுரை

இருக்குவேளிரின் தலைநகரான கொடும்பாளூர், மதுரைக்குச் செல்லும் வழிகள் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரத்தில் சுட்டப்பெறுகிறது. இன்றைய திருச்சி - மதுரை நெடுஞ்சாலையும் அவ்வூர் வழியாகவே செல்கிறது. நாயக்கர் காலத்தில் இவ்விரு நகரங்களிலும் செயற்பட்ட மதுரை மிஷன், இதே புதுக்கோட்டை வட்டாரத்திலுள்ள ஆவூரைத் தன் முதன்மைத் தளங்களுள் ஒன்றாக ஆக்கிக்கொண்டது. இம்மிஷனின் பணி தமிழ் உரைநடை, அகராதி ஆகியவற்றின் வரலாற்றிலேயே பெரிதும் பேசப்படுகிறது. சீனத்தில் நிகழ்ந்ததனோடு அதனை ஒப்பிட்டு, தழுவல் நெறியின் ஆற்றலையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உடையும் சொல்லும்

1583இல் சீனத்தினுள் குடியேறிய மத்தேயோ ரிச்சி (1552-1610) முதலில் பௌத்தத் துறவியின் உடையை அணிந்தார். அந்நாட்டில் மதிப்புக்குரியோர் கன்பூசியக் கல்வியாளரே என உணர்ந்தபின், 1595இல் அவர்தம் உடைக்கு மாறினார். 1606இல் மதுரையை அடைந்த இராபர்ட் தெ நொபிலி (1577-1656) காவியுடுத்துச் சந்நியாசியாக வாழ்ந்து, தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். ரிச்சி இறைவனை ‘விண்ணின் தலைவன்’ எனப் பொருள்படும் சீனச் சொல்லால் குறித்தார். நொபிலி ‘சர்வேசுரன்’ என்றார். புதிய சமயத்தை உள்நாட்டுக் கற்றோரின் மொழியிலேயே உரைப்பது இருவர்க்கும் பொதுவான நெறியாகும்.

வழக்கமும் வழிபாடும்

இந்நெறி ஒரு பாகுபாட்டின்மேல் நின்றது. சமூக வழக்கத்தை ஏற்கலாம். பிற சமய வழிபாட்டை ஏற்கலாகாது. சீனத்தில் முன்னோர்க்கும் கன்பூசியசுக்கும் செய்யும் சடங்கு குடிமை வழக்கமாகக் கொள்ளப்பட்டது. தமிழகத்தில் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை நொபிலி அவ்வாறே விளக்கினார். 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அவற்றிற்கு இசைவளித்தார்.

ஆயின் இரு நாடுகளிலும் விளைவு ஒன்றன்று. சீனத்துக் கல்வியாளர் நிலை, கொள்கையளவிலேனும், தேர்வால் எய்தக்கூடியது. தமிழகத்துச் சாதியோ பிறப்பால் அமைவது. உயர்சாதியார்க்குச் சந்நியாசிகள் எனவும், பிறர்க்குப் பண்டாரசுவாமிகள் எனவும் குருக்களே இருவகைப்பட்டனர். சாதியும் ‘வழக்கம்’ என்னும் பெயரில் திருச்சபைக்குள் இடம்பெற்றது.

பூசலும் தீர்ப்பும்

இரு நாட்டுச் சிக்கல்களையும் ஆராயப் போப்பாண்டவரின் தூதர் தூர்நோன் ஒருவரே அனுப்பப்பட்டார். அவர் 1704இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, தாலியில் பிள்ளையார் உருவம் பொறித்தல் முதலியவற்றைத் தடுத்தது. நோயுற்ற பறையர்க்கு அவர்தம் இல்லம் சென்று அருட்சாதனம் வழங்க மறுப்பதையும் கண்டித்தது. இவ்வாணையை எதிர்த்து வாதாட உரோமுக்கு அனுப்பப்பட்டோருள் ஆவூரில் பணியாற்றிய வெனான்சியுசு புசேயும் ஒருவர். அவர் தமிழகத்துச் சமயக் கொள்கைகளையும் நீதிமுறையையும் பற்றி எழுதிய மடல்கள், சீனத்திலிருந்து வந்த மடல்கள் இடம்பெற்ற அதே பிரெஞ்சுத் தொகுதி வரிசையில் வெளிவந்து ஐரோப்பியரால் படிக்கப்பட்டன.

சீனச் சடங்குகள் 1742இலும், மலபார்ச் சடங்குகள் எனப்பட்ட தமிழக வழக்கங்கள் 1744இலும் பதினான்காம் பெனடிக்டால் தடைசெய்யப்பட்டன. எனினும் பறையர்க்கெனத் தனிக்குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டுக்கு 1744ஆம் ஆண்டு ஆணை இடமளித்தது. தாலியின் உருவம் விலக்கப்பட்டது. சாதிப் பிரிவு வேறு வடிவில் நீடித்தது.

முடிவுரை

தழுவல் நெறி தமிழுக்கு உரைநடையையும் ஐரோப்பாவிற்குத் தமிழகம் பற்றிய அறிவையும் வழங்கியது. ஒரு சமூகத்தின் பண்பாட்டை ஏற்கும்போது, அதன் ஏற்றத்தாழ்வும் உடன் ஏற்கப்படக்கூடும் என்பதைச் சீன ஒப்பீடு தெளிவாக்குகிறது. மிஷனரித் தமிழ் நூல்களை ஆராய்வோர் அவற்றின் நடையோடு, அவை யாரை முன்னிலைப்படுத்தி எழுந்தன என்பதையும் நோக்குதல் வேண்டும்.