சின்ன மாற்றத்துக்கு 5 நிமிடக் காத்திருப்பா? ஆப்பை போனில் சட்டென்று டெஸ்ட் செய்வது எப்படி?

நீங்கள் உருவாக்கும் ஆப்பில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றுகிறீர்கள். ஏபிகே ஃபைல் தயாரானதும் அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, போனில் டவுன்லோடு செய்து, எச்சரிக்கைகளைத் தாண்டி இன்ஸ்டால் செய்து, மறுபடி லாகின் செய்து அந்தப் பக்கத்துக்குப் போனால்... நிறம் சரியில்லை! திரும்பவும் முதலிலிருந்து.

ஒரு முறைக்கு 5 நிமிடம், ஒரு நாளைக்கு 20 முறை என்றால் 100 நிமிடம் காத்திருப்பதிலேயே போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. டெஸ்ட் செய்வது தலைவலியாக இருந்தால், 'சின்ன மாற்றம்தானே, ஓடும்' என்று பார்க்காமலேயே விட்டுவிடுவோம். பயனரின் கையில் ஆப் கிராஷ் ஆக அது போதும்.

சரி, இந்த நேரத்தை மிச்சம் பிடிக்க என்ன வழி?

கேபிள் போதும்

ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில், 'அபௌட் போன்' பகுதியில் உள்ள 'பில்டு நம்பர்' மீது 7 முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். போன் பிராண்டைப் பொறுத்து இடம் கொஞ்சம் மாறும். அதில் 'யூஎஸ்பி டீபக்கிங்' ஆன் செய்து லேப்டாப்புடன் இணையுங்கள். போன் கேட்கும் அனுமதிக்கு ஓகே கொடுத்துவிட்டால், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் 'ரன்' அழுத்தியதும் ஆப் நேராகப் போனில் ஏறிவிடும். பின்னால் இருந்து இந்த வேலையைச் செய்வது ஏடிபி எனப்படும் 'ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ்'.

ஒவ்வொரு முறையும் பழைய ஆப்பை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ஒரே டிஜிட்டல் கையொப்பம் உள்ள புதிய பில்டு பழையதன் மேலேயே ஏறிக்கொள்ளும்; லாகினும் அழியாது. ஆனால், வெளியிடும் முன் ஒருமுறையாவது முழுதாக அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்து பாருங்கள். புதிதாக வரும் பயனர் பார்க்கப்போவது அதைத்தான்.

போன் கனெக்ட் ஆகவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றி, டேட்டா கடத்தாத கேபிள்கள் நிறைய உண்டு.

கேபிளும் வேண்டாமா?

ஆண்ட்ராய்டு 11 முதல் 'வயர்லெஸ் டீபக்கிங்' வசதி உள்ளது. போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ காட்டும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் இணைந்துவிடும். ஆபீஸ் வைஃபையில் வேலை செய்யவில்லை என்றால், ஒரு சாதனம் இன்னொன்றுடன் பேசுவதை அந்த நெட்வொர்க் தடுத்திருக்கலாம். வேறொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்துப் பாருங்கள்.

இன்ஸ்டாலே செய்யாமல் மாற்றத்தைப் பார்ப்பது

நேரம் அதிகம் மிச்சமாவது இங்கேதான். ஃப்ளட்டரில் 'ஹாட் ரீலோடு', ரியாக்ட் நேட்டிவில் 'ஃபாஸ்ட் ரெஃப்ரெஷ்' என்று பெயர். கோடை சேமித்ததும், மாறிய பகுதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்புக்குள் போய்விடும். நான்காவது பக்கத்தில் ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அங்கேயே நிற்பீர்கள்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் இதே போன்ற 'அப்ளை சேஞ்சஸ்' வசதி 2019-ல் வெளிவந்த 3.5 பதிப்பில் அறிமுகமானது. போனில் ஆண்ட்ராய்டு 8 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. மேனிஃபெஸ்ட் ஃபைலை மாற்றினாலோ, ஃப்ளட்டரில் நேட்டிவ் கோடைத் தொட்டாலோ மறுபடி பில்டு செய்தே ஆக வேண்டும். இன்னொன்று, இவை டீபக் பில்டில் ஓடுபவை. அதில் ஆப் இயல்பாகவே மெதுவாக இருக்கும். 'ஆப் திக்குதே' என்று பதறும் முன் ரிலீஸ் பில்டில் ஓட்டிப் பாருங்கள்.

ஐபோனில் எப்படி?

மேக் கணினியும் எக்ஸ்கோடும் இருந்தால், இலவச ஆப்பிள் கணக்கிலேயே உங்கள் ஐபோனில் ஆப்பை ஏற்றலாம். ஆனால் 7 நாட்களில் காலாவதியாகும். மறுபடி ஏற்ற வேண்டும். ஐஓஎஸ் 16 முதல் போனில் 'டெவலப்பர் மோடு' ஆன் செய்வது கட்டாயம்.

மற்றவர்களுக்கு அனுப்ப 'டெஸ்ட்ஃபிளைட்' உண்டு. இதற்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டும் டெவலப்பர் கணக்கு தேவை. வெளியாட்கள் 10,000 பேர் வரை சேர்க்கலாம். ஒரு பில்டு 90 நாட்கள் செல்லும்.

"மச்சி, என் போன்ல ஓப்பனே ஆகல!"

உங்கள் போனில் ஓடும் ஆப், நண்பரின் குறைந்த ரேம் போனில் நின்றுபோகலாம். எமுலேட்டர் மட்டும் போதாது என்பது இதனால்தான். பேட்டரி சேவர், கேமரா, விட்டுவிட்டு வரும் நெட்வொர்க் எல்லாம் நிஜ போனில்தான் உண்மை முகம் காட்டும்.

அதற்காக ஏபிகே-வை வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். யாரிடம் எந்த வெர்ஷன் இருக்கிறது என்றே தெரியாமல் போகும். கூகுள் ப்ளேயின் 'இன்டர்னல் டெஸ்டிங்'கில் 100 பேர் வரை சேர்க்கலாம். லிங்க்கைத் தட்டினால் ப்ளே ஸ்டோர் வழியாகவே ஆப் இறங்கும்; அப்டேட்டும் அப்படியே. ப்ளே ஸ்டோருக்கு வெளியே அனுப்ப 'ஃபயர்பேஸ் ஆப் டிஸ்ட்ரிபியூஷன்' உள்ளது.

புதிய டெவலப்பர்கள் கவனிக்க: 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், ஆப்பைப் பொதுவில் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் 'குளோஸ்டு டெஸ்ட்'டில் இருந்தாக வேண்டும். இன்டர்னல் டெஸ்டிங் இந்தக் கணக்கில் வராது. எனவே கடைசி வாரத்தில் ஆள் தேடாமல், முன்பே நண்பர்களிடம் சொல்லி வையுங்கள்.

டெஸ்ட் முடிந்ததும் மறக்கக் கூடாதவை

யூஎஸ்பி, வயர்லெஸ் டீபக்கிங் இரண்டையும் ஆஃப் செய்துவிடுங்கள். ஆன் செய்த போனை அறிமுகமில்லாத கணினியில் இணைத்து, திரையில் கேட்கும் அனுமதிக்கு ஓகே கொடுக்காதீர்கள்.

டெஸ்ட் செய்து தரச் சொல்லி ஏபிகே வந்தால், அனுப்பியவரிடம் போனில் பேசி உறுதி செய்யுங்கள். 'டிராஃபிக் அபராதம்', 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் வரும் ஏபிகே-க்கள் வங்கிப் பணத்தைத் திருடுவதற்கானவை. தெரிந்தவரின் ஹேக் ஆன எண்ணிலிருந்தும் அவை வரலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.