சீம்பால் கட்டிப்போடும் காவலாளி

பிறந்த சில நிமிடங்களிலேயே பன்றிக்குட்டி தட்டுத்தடுமாறி எழுந்து, தாயின் வயிற்றை ஒட்டியே நடந்து காம்பைத் தேடிப் பிடித்துவிடும். எடை ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை. அவ்வளவு அவசரம் பசியால் மட்டுமல்ல. நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள் அதன் ரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை.

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள்கள் கருப்பையிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகின்றன. பன்றியிலோ தாயின் ரத்தத்துக்கும் குட்டியின் ரத்தத்துக்கும் நடுவே ஆறு திசு அடுக்குகள். எதிர்ப்பொருள் போன்ற பெரிய புரதம் அவற்றைத் தாண்டாது. ஆகவே குட்டிக்குத் தாய் தரும் சீதனம் முழுவதும் சீம்பாலில்தான். அதற்கும் கெடு உண்டு. பிறந்து 24 முதல் 36 மணி நேரம் வரைதான் குடல் அந்தப் புரதங்களை உடைக்காமல் ரத்தத்துக்குள் விடும். பிறகு கதவு சாத்திக்கொள்ளும்.

கிருமிகளோ கெடு பார்ப்பதில்லை. தொழுவத்தின் தரையிலும் தாயின் சாணத்திலும் காம்பின் தோலிலும் முன்பே காத்திருக்கின்றன. ஈ.கோலை பாக்டீரியாவில் பெரும்பாலானவை சாதுக்கள். சில வகைகளுக்கு மட்டும் உடலெங்கும் நுண்ணிழைகள் உண்டு. அவற்றால் சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொண்டு நச்சைச் சுரக்கும். அந்த நச்சுகளில் ஒன்று காலரா நச்சின் உடன்பிறப்பு. (காலராக் கிருமி நச்சைச் சுரக்கிறது என்று 1959-இல் கல்கத்தாவில் முயல் குடலை வைத்துக் காட்டியவர் சம்பு நாத் தே. நம்மவர்களே அதிகம் பேசாத பெயர்.) நச்சுப் பட்ட குடல் செல்கள் உப்பையும் நீரையும் வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். குடலில் புண் இருக்காது, ரத்தம் இருக்காது. ஆனாலும் தண்ணீர்க் கழிச்சலிலேயே குட்டி வற்றி, ஒரே நாளில் செத்துப்போகலாம்.

இன்னொரு கிருமி, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் சி வகை. இதன் கழிச்சலில் ரத்தம் கலந்திருக்கும். பிறந்த முதல் மூன்று நாட்களில்தான் பெரும்பாலும் தாக்கும். அதன் பீட்டா நச்சு குடலின் உள்சுவரையே அழுகவைக்கும். ஏன் அந்த மூன்று நாள்? எனக்கு இந்த நோயில் மிகவும் வியப்பான இடம் இதுதான்.

பீட்டா நச்சு ஒரு புரதம். புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதி குடலில் போதுமான அளவு இருந்தால் நச்சைத் துண்டுதுண்டாக்கிவிடும். வளர்ந்த பன்றிக்கு அந்தக் காவலாளி உண்டு. ஆனால் எதிர்ப்பொருளும் புரதம்தானே? காவலாளி அதையும் வெட்டிவிடுவானே! அதனால் சீம்பாலிலேயே டிரிப்சினைக் கட்டிப்போடும் ஒரு பொருளும் சேர்ந்து வருகிறது. எதிர்ப்பொருள் பிழைக்கிறது. அதே நேரத்தில் கிளாஸ்ட்ரிடியம் நுழைந்துவிட்டால், அதன் நச்சும் பிழைத்துக்கொள்கிறது.

இந்தப் பொறியில் மனிதர்களும் சிக்கியிருக்கிறார்கள். பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் பன்றி விருந்துக்குப் பின் குழந்தைகள் கடும் வயிற்றுவலி கண்டு, குடல் அழுகி இறந்தார்கள். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘பிக்பெல்’. 1960களில் ஆராய்ந்தபோது அதே கிருமியும் அதே நச்சும் தென்பட்டன. அங்கே அன்றாட உணவு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. புரதம் குறைந்த சாப்பாட்டால் உடலில் டிரிப்சின் சுரப்பே குறைவு. சுரக்கும் கொஞ்சத்தையும் கட்டிப்போடும் பொருள் அந்தக் கிழங்கில் இருக்கிறது. 1980களில் அங்கே குழந்தைகளுக்குப் பீட்டா நச்சுக்கு எதிரான தடுப்பூசி போடத் தொடங்கியபின் நோய் வெகுவாகக் குறைந்தது.

பன்றியில் ஊசி குட்டிக்கு அல்ல, சினைப்பன்றிக்கு. ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன் போட்டால், ஈ.கோலைக்கும் கிளாஸ்ட்ரிடியத்துக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் சீம்பாலில் இறங்கும். டிரிப்சினைக் கட்டிப்போடும் அதே பொருள்தான் அவற்றையும் காப்பாற்றிக் குட்டியிடம் சேர்க்கிறது. ஆகவே பன்றி வளர்ப்பவர்கள் ஊசி போட்டாயிற்று என்று இருந்துவிட வேண்டாம். நோஞ்சான் குட்டியைத் துடைத்துச் சூடாக வைத்து, முதல் சில மணி நேரத்துக்குள் காம்பில் பிடித்து ஊட்டிவிடுங்கள். சீம்பால் குடிக்காத குட்டிக்குத் தாய்க்குப் போட்ட ஊசியால் பயனில்லை.