இருவராய்க் கட்டும் வேடம்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில் பிள்ளைகள் வளர வளர, அவர்களுடைய விளையாட்டுக்களும் எமக்கு விளங்காதவை ஆகிவிடுகின்றன. ஊரில் கிளித்தட்டும் எட்டுக்கோடும் விளையாடி வளர்ந்தவர்கள் நாம். கைத்தொலைபேசியின் முன்னால் வேடம் பூண்டு நின்று பதினைந்து விநாடி நடிப்பதையும் ஒரு விளையாட்டு என்று ஏற்றுக்கொள்ள எமக்குச் சிறிது காலம் பிடித்தது. அண்மையில் இந்நாட்டுக்கு வந்து இதே குழப்பத்தோடு இருக்கும் பெற்றோருக்கு உதவும் என்ற எண்ணத்தில், செவன் கிங்ஸில் எமது வீட்டில் நடந்ததை இங்கே எழுதுகிறோம்.

ஒரு சனிக்கிழமை காலை அலுமாரியில் வைத்திருந்த பச்சைப் படுக்கை விரிப்பைக் காணவில்லை. தேடிப் போனால் அது பிள்ளைகளின் அறை நிலத்தில் விரிந்து கிடந்தது. அதன்மேல் கறுப்பு வர்ணத்தால் தாயக்கட்டம் போலச் சதுரங்கள். எமது மகள் ஒரு பக்கம் தூரிகையோடு, மருமகள் மறுபக்கம் அடிமட்டத்தோடு. இருவருக்கும் பதினைந்து வயது.

மருமகள் என்பது தங்கையின் மகள். தாயும் பிள்ளையுமாக 2023இல் வன்னியிலிருந்து வந்தார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை. வந்த முதல் வருடம் பாடசாலையில் வாய் திறக்கவில்லை. ஆங்கிலம் தெரியாமல் அல்ல. எழுதச் சொன்னால் எழுதுவாள். பேசினால் சிரிப்பார்கள் என்ற பயம். ஆசிரியை இரண்டு தடவை எம்மை அழைத்துக் கதைத்தார். வீட்டிலும் தன் மச்சாளோடு மட்டும்தான் மெல்லக் கதைப்பாள்.

"என்ன பிள்ளையள் செய்யிறியள்?" என்று கேட்டோம்.

"கொஸ்பிளே அம்மா. ரெண்டு பேரும் சேர்ந்து வீடியோ எடுக்கப் போறம்" என்றாள் மகள்.

மருமகள் தலை நிமிர்த்தாமல், "மாமி, இதில நான் கதைக்கத் தேவையில்லை" என்றாள்.

கொஸ்பிளே என்றால் என்ன?

சித்திரக் கதையிலோ, சினிமாவிலோ, கணினி விளையாட்டிலோ வரும் ஒரு பாத்திரத்தின் உடுப்பைத் தாமே செய்து அணிந்து, அப்பாத்திரமாகவே நிற்பதும் நடப்பதும்தான் கொஸ்பிளே. இச்சொல் 1980களில் யப்பானில் தோன்றியது. ஆனால் அந்தப் பழக்கம் அதற்கு முந்தியது. 1939இல் நியூயோர்க்கில் நடைபெற்ற முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டுக்கு, ஃபொரஸ்ட் ஆக்கர்மன் என்பவரும் மர்ட்டில் டக்ளஸ் என்பவரும் எதிர்கால மனிதர் போல உடுத்திச் சென்றனர். இருவரின் உடுப்பையும் தைத்தவர் அந்த அம்மையார்தான். இன்றைய கொஸ்பிளேக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவதும் ஓர் இணைதான் என்பது எமக்குச் சுவையான செய்தி. யப்பானின் நகோயா நகரில் 2003இல் தொடங்கிய உலக கொஸ்பிளே மாநாட்டின் போட்டியிலும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இருவர் கொண்ட குழுதான் மேடை ஏறுகிறது.

எமது பிள்ளைகள் தெரிந்தெடுத்த கதை 'டீமன் ஸ்லேயர்'. கொயோஹரு கொதொகே எழுதிய சித்திரத் தொடர் இது; 2016 முதல் 2020 வரை யப்பானிய வார இதழொன்றில் வந்தது; 2019இல் தொலைக்காட்சிக்கும் வந்தது. இரத்தமும் வெட்டும் உள்ள கதை. இதன் திரைப்படத்துக்கு இந்நாட்டில் 15 வயதுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நாமும் தங்கையும் கூட இருந்து பார்த்தோம்.

தஞ்சிரோ என்ற பையன் கரி விற்கப் போய்த் திரும்பி வரும்போது வீட்டில் எல்லோரும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். மிஞ்சியவள் தங்கை நெசுக்கோ மட்டும். அவளும் அரக்கியாக மாறிவிட்டாள். ஆட்களைக் கடித்துவிடாதபடி அவள் வாயில் ஒரு மூங்கில் துண்டு கட்டப்படுகிறது. அவளை மீண்டும் மனுசியாக்க வழி தேடும் அண்ணன், ஒரு மரப்பெட்டிக்குள் அவளை வைத்து முதுகில் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடக்கிறான்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது, எம்மில் ஒருவருக்கு வயது பதினாறு. மழைக்குள், நகரவே முடியாத சனத்துக்குள், ஏழு வயதுத் தங்கையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தவர் அவர். அந்தத் தங்கைதான் இப்போது பக்கத்தில் இருந்து இந்தக் கதையைப் பார்த்தவள். படம் முடிந்ததும் அவள் எழும்பிக் குசினிக்குப் போய், "அண்ணா, தேத்தண்ணி போடட்டே?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு படுக்கை விரிப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

உடுப்பும் செலவும்

கடையில் விற்கும் கொஸ்பிளே உடுப்பு வாங்க எமக்கு வசதியில்லை. அது தேவைப்படவும் இல்லை. தஞ்சிரோவின் பச்சைக் கறுப்பு மேலங்கி படுக்கை விரிப்பில் ஆனது. நெசுக்கோவின் இளஞ்சிவப்பு உடுப்புக்குத் தங்கையின் பழைய நூல் சேலை. இடைக்கட்டு வெட்டத் துணி, இல்ஃபோர்ட் லேனில் மிஞ்சிய துண்டாக வாங்கியது. மூங்கில் என்பது குசினிக் கடதாசிச் சுருளின் நடுக்குழாய். பச்சை வர்ணம் பூசி, நாடா கோத்தது. முதுகுப் பெட்டி, சாமான் வந்த காட்போட் பெட்டி. வாளும் மட்டையில் செய்ததுதான். எல்லாமாக ஒன்பது பவுண் முடிந்தது. தங்கை ஊரில் தையல் பழகியவள். வந்த நாள் தொடக்கம் ஊசியைத் தொடாதிருந்தவள், அன்று இரவு பதினொரு மணி வரை தைத்தாள்.

உடுப்போடு எடுத்த படத்தை ஊரிலுள்ள பேர்த்திக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினோம். "ஆரடி பிள்ளையள், காத்தான் கூத்துக்கோ வெளிக்கிட்டு நிக்கிறியள்?" என்று கேட்டார். அவர் கேட்டது பிழையில்லை. மெல்லிய மரத்தில் முடி செய்து, கண்ணாடித் துண்டு ஒட்டி, ஊரே சேர்ந்து உடுப்புக் கட்டி விடிய விடிய ஆடிய மக்கள் நாம். காங்கேசன்துறையின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயானகாண்டம் ஆடினால் பக்கத்து ஊர்களெல்லாம் திரண்டு வரும். சுடலையில் அரிச்சந்திரனும் சந்திரமதியும் எதிரெதிரே நிற்கும் அந்த இடத்தில், ஒருவர் பிழைத்தால் மற்றவரும் விழுவார். இருவர் வேடம் எமக்குப் புதிதல்ல. மேடைதான் சிறிதாகிவிட்டது.

இருவரும் ஒன்றாய் அசைய

பிள்ளைகள் செய்வதைப் பார்த்து நாம் கற்றதைச் சொல்கிறோம்.

முதலில் ஒலியைத் தெரிவு செய்து, ஆடாமல் பத்துத் தரம் கேட்க வேண்டும். பிறகு எட்டு எட்டாக எண்ணிக் கடதாசியில் எழுத வேண்டும். நிமிடத்துக்கு 120 தாளம் விழும் இசை என்றால் பதினாறு விநாடிக்குள் நான்கு எட்டுக்கள் அடங்கும். முதல் எட்டில் யார் திரும்புவது, இரண்டாவதில் யார் கை உயர்த்துவது என்று எண்ணுக்கு எண் எழுதிவிட்டால் சண்டை குறையும். பாட்டின் சொற்களைப் பார்த்து ஆடினால் ஒருவர் முந்துவார். எண்ணி ஆடினால் இருவரும் சேர்ந்து வருவார்கள். நடனம் பழகிய பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும்.

இரண்டாவது, இடமும் வலமும். இருவரும் தொலைபேசியைப் பார்த்து நின்றால் ஒரே கையை உயர்த்தலாம். ஒருவரையொருவர் பார்த்து நின்றால், ஒருவரின் வலக்கைக்கு மற்றவர் இடக்கையை உயர்த்தினால்தான் படம் சமமாகத் தெரியும். எமது பிள்ளைகள் முதல் நாள் முழுவதும் தடுமாறியது இதில்தான்.

மூன்றாவது, நிற்கும் இடம். தொலைபேசியை நிமிர்த்தி வைத்து எடுக்கும் படம் ஒடுங்கியது. இருவர் தள்ளி நின்றால் ஒருவரின் தோள் வெட்டுப்படும். கட்டையானவர் ஒரு அடி முன்னே நிற்க, கால் வைக்கும் இடத்தில் ரேப் ஒட்டிவிட வேண்டும். வெளிச்சத்துக்கு யன்னல் போதும். யன்னல் ஆடுபவரின் முன்னால் இருக்க வேண்டும், பின்னால் இருக்கக் கூடாது.

நான்காவது, எல்லோரும் வியக்கும் அந்த உடுப்பு மாற்றம். வீட்டு உடுப்போடு இருவரும் ஒரே எண்ணில் துள்ளுவார்கள். அடுத்த கணம் வேடத்தோடு நிலத்தில் நிற்பார்கள். அதில் மாயம் ஒன்றுமில்லை. துள்ளுவதை ஒரு தடவை எடுத்து, தொலைபேசியை அசைக்காமல் வைத்துவிட்டு, வேடம் கட்டி வந்து அதே இடத்தில் மீண்டும் துள்ளுகிறார்கள். கால் நிலத்தில் படாத கணத்தில் இரண்டையும் வெட்டி ஒட்டுகிறார்கள். தொலைபேசி ஒரு விரற்கடை அசைந்தாலும் பின்சுவர் குதிப்பது தெரிந்துவிடும். எம் வீட்டில் தொலைபேசியைத் தாங்கி நிற்பது பத்துக் கிலோ அரிசி மூட்டை.

இந்தப் பதினாறு விநாடிக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டு சனிக்கிழமைகள். இடையில் யார் முன்னுக்கு நிற்பது என்று ஒரு சண்டை; மூன்று மணித்தியாலம் பேச்சில்லை. பிறகு மருமகளே வந்து, "அண்ணன்தானே முன்னுக்கு நடக்கிறவன். நீ நில்" என்றாளாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

நாம் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம். முதல் ஒளிப்பதிவை வாசலில் எடுக்க விட்டோம். வீட்டிலக்கம் தெளிவாகத் தெரிந்தது. வீட்டு உடுப்புக்குப் பதிலாக மகள் பாடசாலைச் சட்டையோடு துள்ளியிருந்தாள். அதன் சின்னமும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்தால் பிள்ளை எங்கே இருக்கிறாள், எங்கே படிக்கிறாள் என்பது முன்பின் தெரியாதவருக்கும் விளங்கும். அதை அழித்துவிட்டு வெறும் சுவர் முன்னால் மீண்டும் எடுத்தோம். அகதிக் கோரிக்கை முடிவாகாத குடும்பங்களும், ஊரில் உறவினரின் பாதுகாப்பை நினைத்துப் பயப்படும் குடும்பங்களும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மேசையில் கிடக்கும் கடித உறை, சுவரில் தொங்கும் குடும்பப் படம், பின்னால் கேட்கும் பெயர்கள் எல்லாமே பதிவாகும். பதிவேற்றும் முன் பெரியவர் ஒருவர் ஒலியோடு ஒரு தடவை, ஒலியில்லாமல் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ரிக்ரொக்கில் கணக்குத் திறக்கக் குறைந்த வயது 13. பதினாறுக்குக் கீழ்ப்பட்டோரின் கணக்கு, 2021 தொடக்கம், தானாகவே மூடிய கணக்காக அமைகிறது. பிள்ளை அனுமதித்தவர் மட்டுமே பார்க்கலாம். அவ்வயதில் தனிப்பட்ட செய்திப் பரிமாற்றமும் இல்லை. வயதைக் கூட்டிப் போட்டால் இப்பாதுகாப்புகள் எல்லாம் போய்விடும். ஆகவே பிறந்த திகதியை உண்மையாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெற்றோர் தம் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைக்கும் வசதியும் அதில் உண்டு.

அடுத்தது ஆயுதங்கள். இந்நாட்டில் தகுந்த காரணமின்றிப் போலித் துவக்கைப் பொதுவெளியில் கொண்டு திரிவது குற்றம். கூரிய உலோக வாளும் அப்படியே. மட்டை வாளென்றாலும் பைக்குள் வைத்து, இடம் சேர்ந்த பின் வெளியே எடுப்பதே நல்லது. தூரத்தில் நிற்கும் பொலிஸாருக்கு அது மட்டையா இரும்பா என்று தெரியாது. துவக்கோடும் இராணுவ உடுப்போடும் வரும் பாத்திரங்களை எம் வீட்டில் வேண்டாம் என்றோம். அதற்குச் சட்டம் காரணமல்ல. காரணத்தைத் தங்கையே பிள்ளைகளுக்குச் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

வெளியே ஒரு நாள்

வேடம் கட்டியவர்களை நேரில் பார்க்க விரும்பினால், மே மாதத்திலும் ஒக்டோபரிலும் எக்செல் மண்டபத்தில் எம்.சி.எம். கொமிக் கொன் நடக்கிறது. செவன் கிங்ஸிலிருந்து எலிசபெத் லைனில் ஏறி, வைற்சப்பலில் மாறி, கஸ்டம் ஹவுஸில் இறங்கினால் மண்டப வாசல். அன்றைக்கு அந்த ரயிலில் வேடம் கட்டாதவர்தான் வித்தியாசமாகத் தெரிவார். நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லை என்றால் கவலை வேண்டாம். வலன்டைன்ஸ் பூங்காவில் மர நிழலில் எடுத்த படம் எமது பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. பூங்காவில் மற்றவர்களின் குழந்தைகள் படத்தில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒளிப்பதிவை இதுவரை பார்த்தவர்கள் முப்பத்தியொரு பேர். எல்லோரும் தெரிந்தவர்கள். ஆனால் அந்த முப்பத்தியொருவரில் மருமகளின் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையும் உண்டு. மதிய இடைவேளையில் அந்தப் பிள்ளை வந்து, "அந்த மூங்கிலை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டிருக்கிறாள். மருமகள் புத்தகப் பையிலிருந்து மூங்கிலை எடுத்துக் காட்டி, குழாயை எப்படி வெட்டுவது, வர்ணம் எத்தனை தரம் பூசுவது, நாடாவை எங்கே கோப்பது என்று இடைவேளை முடியும் வரை ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மகள்தான், மருமகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அந்தப் பிள்ளையும் சனிக்கிழமைகளில் எம் வீட்டுக்கு வருகிறாள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் படுக்கை விரிப்புக் காணாமல் போனால், ஏசுவதற்கு முன் ஒரு தரம் அறைக்குள் எட்டிப் பாருங்கள். ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். என்ன கதை, யாருடைய வேடம் என்று கேளுங்கள். பக்கத்தில் இருந்து தைக்கும் தாய்க்குத்தான் எதைப் பதிவேற்றலாம், எதைப் பதிவேற்றக் கூடாது என்று சொல்லும் உரிமையும் கிடைக்கிறது. தூரத்தில் நின்று ஏசுபவர்களுக்குப் பிள்ளைகள் கதவைச் சாத்திவிடுவார்கள்.