ராத்திரியில் நடக்கும் பரீட்சை

ஆலங்குளம் என்றதும் சிமெண்ட் ஆலைதான் ஞாபகம் வரும். சிமெண்டில் கியூப் போட்டு 3, 7, 28-ஆம் நாட்களில் உடைத்துப் பார்ப்பது சிவில் மாணவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. அதற்கு ஒரு ராத்திரி போதும்!

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தின் சி.எம்.எஸ். கருவி 14,000 டன் எடையுடன் பூமிக்கடியில் நிற்கிறது. 2012 ஜூலை 4-ல் ஹிக்ஸ் துகளை அறிவித்த இரு குழுக்களில் இதுவும் ஒன்று. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் இக்குழுவில் உண்டு. இதன் புரோகிராமைப் பல நாட்டினர் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒருவர் மாற்றியது இன்னொருவர் பகுதியைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது?

அதுவரை சேர்ந்த மாற்றங்களை எல்லாம் இரவு 11 மணிக் கணக்கில் ஒன்றுகூட்டி, கம்ப்யூட்டரே கம்பைல் செய்கிறது. கம்பைல் ஆனால் மட்டும் போதாது. எர்ரர் காட்டாமல் தப்பான விடை தரும் புரோகிராம்தான் பெரிய ஆபத்து; இல்லாத துகளை இருப்பதாகக் காட்டிவிடும். ஆகவே மாதிரி மோதல்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். விடைகளைப் பழையவற்றோடு ஒப்பிடுகிறார்கள்.

ஏன் தினமும்? நேற்று பாஸான சோதனை இன்று ஃபெயிலானால், இடையில் மாறியதை மட்டும் தேடினால் போதும். ஆறு மாதம் விட்டால் எங்கே தேடுவது?

நம் புராஜெக்டும் அப்படித்தான். நாலு பேர் எழுதியதை வைவாவுக்கு முதல் நாள் ஒட்டாமல், தினமும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்!