முதல் சுற்றிலேயே ஒழிக்க வேண்டிய கிருமி

நீண்ட நாள் சர்க்கரை நோய் இரைப்பையின் நரம்புகளைத் தளர்த்தி, சாப்பிட்டது கீழே இறங்காமல் தேங்க வைப்பதுண்டு. அதே இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் குடியிருந்தால், அதை விரட்டுவது இருமடங்கு பொறுமை கேட்கும் வேலை.

வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பியிருந்தது. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அல்சருக்கு முக்கியக் காரணம் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-ல் இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, அந்தக் காரத்தைப் போர்த்திக்கொண்டு, சளிப்படலத்துக்குள் புதைந்து வாழும். அதனால்தான் ஒரே ஒரு ஆன்டிபயாட்டிக் போதாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு மூன்று மருந்துகள் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள் தருகிறார்கள்.

சர்க்கரை உள்ளவர்களிடம் இந்தச் சிகிச்சை தோற்பது மற்றவர்களைவிட அதிகம் என்று பல ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. இரைப்பைச் சுவரின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாவதால் மருந்து போய்ச் சேருவது குறையலாம். இரைப்பை மந்தமும் மருந்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தலாம். எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. காலில் புண், சிறுநீர்த் தொற்று, ஈறு வீக்கம் என்று இவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு வந்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் வயிற்றுக் கிருமிக்கும் அந்த மருந்து கொஞ்சம் பழகிவிடுகிறது. நம் நாட்டில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு இந்தக் கிருமி பெரிதாக அசைவதில்லை. ஆகவே பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். முன்பு என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று தெரிந்தால்தான், எது இனி பலிக்காது என்று டாக்டரால் ஊகிக்க முடியும். கடையில் சீட்டில்லாமல் இந்தக் கூட்டு மருந்துகளின் ‘கிட்’ வாங்கிப் போட்டுக்கொள்வதை நான் இவ்வளவு எதிர்ப்பதும் இதனால்தான்.

அடுத்தது, உயிரோடு விளையாடக்கூடிய விஷயம். இந்தச் சிகிச்சையில் தரப்படும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் கூட்டி, சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். லெவோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் சர்க்கரையை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். இதற்கு மேல், வாயெல்லாம் உலோகக் கசப்பு, குமட்டல். சோறு இறங்காது, இன்சுலின் மட்டும் வழக்கமான அளவில் போட்டுக்கொள்வார்கள். சர்க்கரை இறங்கி, நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டும். அந்த இரண்டு வாரமும் குளுக்கோமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சாப்பாடு குறைந்தால் மருந்தளவை என்ன செய்வது என்பதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்புக்கான மாத்திரையையும் மறக்காமல் சொல்லுங்கள். சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் தசைகள் சிதையக்கூடும்.

பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துச் சிகிச்சையில் மலமும் நாக்கும் கறுத்துப் போகலாம். பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மருந்தை முடித்தால் நிறம் திரும்பிவிடும். ஆனால் மலம் தார்போலப் பிசுபிசுத்து, தலையும் சுற்றினால் அது ரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். இந்த நான்கில் ஒன்றான டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் பாதிப் பலன் வீணாகிவிடும். மெட்ஃபார்மினும் வயிற்றைப் புரட்டும் என்பதால், எந்த மாத்திரை தொல்லை தருகிறது என்று நீங்களே முடிவுகட்டி எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கிருமி போனதா என்று பார்க்காமல் விட்டுவிடுவதுதான் நம்மிடம் அதிகம் நடக்கிறது. நெஞ்செரிச்சல் அடங்கினாலும் கிருமி உள்ளே இருக்கலாம். மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லி இரண்டு வாரம் நிறுத்திய பிறகு, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். இன்னும் இருந்தால், முதலில் கொடுத்த கிளாரித்ரோமைசினையே திரும்பக் கொடுப்பதில் பயனில்லை. வேறு கூட்டு மருந்து வேண்டும். ரத்தத்தில் எதிரணுவைப் பார்க்கும் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் பல மாதங்களுக்கு அது பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும்.